மழையைப் பற்றிப் பேசாத ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரொவீனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பூனையும் சுகம். உலகத்தின் அந்தக் கோடியில், நியூசிலாந்தில், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். வழக்கமாக இந்த இடத்தில் யார்க்‌ஷர் மழையையும் காற்றையும் பற்றி நாலு வரி எழுதுவேன் அல்லவா, இந்தத் தடவை எழுதப்போவதில்லை, காரணம் பிறகு வரும். முதலில் நல்ல செய்தி. ஜெயித்துவிட்டோமடி! உன் அம்மாவுக்கு ஆட்டிசம்தான். இரண்டாவது டாக்டர் வாயாலும் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிட்டார்.

முதலில் பரிசோதித்த அந்த மனிதர், இது ஆட்டிசம் இல்லை, கூச்ச சுபாவமும் வீண் கவலையும்தான் என்று எழுதி அனுப்பியபோது நான் போனில் உன்னிடம் எப்படி அழுதேன் என்று நினைவிருக்கும். எல்லோருக்கும் தானாக வருவது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூட நாளிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டவள், அறுபது வயதில் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும் என்று போனால், ஒன்றுமில்லை போ என்றால் என்ன அர்த்தம்? நான் சரியாக முயற்சி செய்யாத ஜென்மம் என்றுதானே? விடாதே அம்மா, எதிர்த்துக் கேள் என்று நீதான் சொன்னாய். அவர் சொன்ன காரணங்கள்தான் என்ன? கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளாம். வானிலையைப் பற்றிச் சரளமாக உரையாடுகிறாளாம். இருபது வருஷமாகத் தேவாலய மணிக்கோபுரக் குழுவில் இருப்பதால் நண்பர் கூட்டத்துக்கும் குறைவில்லையாம். அடக் கடவுளே, வானிலைப் பேச்சைப் பார்த்து ஒருவரை எடை போட்டால் இங்கிலாந்தில் யார்தான் தேறமாட்டார்கள்? போதாக்குறைக்கு அப்பாவின் பெயரைக் கிளைவ் என்பதற்குப் பதில் காலின் என்று எழுதியிருந்தார். அப்பா ஒரு வாரம் முழுக்க வாசல் கதவைத் தட்டி, காலின் வந்திருக்கேன், உள்ள வரலாமா என்று என்னைச் சிரிக்க வைத்தார்.

நம் குடும்ப டாக்டரிடம் போய் இதெல்லாம் தப்பு, வேறு ஒருவர் பார்க்க வேண்டும் என்று நின்றேன். சரி என்று சொல்லும்வரை நகரவில்லை. ஆறேழு மாதம் காத்திருந்து, போன வாரம் டாக்டர் அடேயெமியிடம் போனோம். என்னை நன்கு தெரிந்த ஒருவர் கூட வரலாம் என்றதால் கோபுரத் தலைவி பிரெண்டாவை அழைத்துப்போனேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், அவளுக்கு மெல்லப் பேசவே வராது. மணி அடிக்கும் நண்பர்களோடு நிறையப் பேசுவீர்களா என்று டாக்டர் என்னைக் கேட்டதுதான் தாமதம், பிரெண்டா முந்திக்கொண்டாள். யாரு, ஹிலரியா? நல்லா கேட்டீங்க போங்க! இருபது வருஷமா என் பக்கத்துல நின்னு கயிறு இழுக்கிறா, எனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கூட இவளுக்குத் தெரியாது. ஆனா என் கை ஒரு இம்மி பிந்தினாலும் இவளுக்குத் தெரிஞ்சிடும். அடிச்சு முடிச்சு நாங்க எல்லாரும் பீர் குடிக்கப் பப்புக்குப் போவோம், இவ அடுப்புல கெட்டில் இருக்குன்னு சொல்லிட்டு ஓடிடுவா, இவ வீட்டுல இருக்கிறது கரண்ட் கெட்டில் என்று போட்டு உடைத்தாள். எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் உண்மைதானே? ஆளுக்கொரு மணிக் கயிற்றோடு ஆறு பேர் வட்டமாக நின்று, ஒவ்வொரு சுற்றிலும் மாறும் வரிசையை மனப்பாடமாக அடிக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தால் போதும். எனக்கு அதுதானடி சொர்க்கம்.

அப்புறம்தான் டாக்டர் அதுவரை யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார். என்னோட கண்ணையே பார்த்துப் பேசுறீங்களே, நிஜமா எதைப் பாக்கறீங்க? நான் சொன்னேன், உங்கள் இடது புருவத்தை, அதில் ஒரு நரை முடி மட்டும் மேல்நோக்கி நிற்கிறது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வானிலை பேச எங்கே கற்றீர்கள் என்றார். காலையில் ரேடியோவில் கேட்டு, அன்றைக்கு யாரிடம் எந்த வாக்கியம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கிளம்புவேன், மாலையில் திரும்பி வந்தால் இருட்டு அறையில் படுத்துவிடுவேன் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ரொம்பக் களைச்சுப் போயிருப்பீங்களே என்றார். அவ்வளவுதான், எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. இது சந்தோஷக் கண்ணீர், நீ கவலைப்படாதே.

ஞாயிறன்று பிரெண்டா, கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அடிப்பதுபோல, எனக்காக முக்கால் மணி நேரம் இடைவிடாமல் மணி அடிக்க வைத்தாள். ஒரு பிசகு இல்லை! பிறகு என்னைப் பப்புக்கு இழுத்துப்போய், சுவரோரம் முதுகு சாய உட்கார வைத்து, இன்னைக்கு எவனாவது ஹிலரிகிட்ட மழையைப் பத்திப் பேசினா, அவன்தான் எல்லாருக்கும் பீர் வாங்கணும் என்று உத்தரவு போட்டாள். அப்போது பார்க்க வேண்டுமே! அத்தனை பேரும் வாயடைத்துப்போய்ப் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து பேருக்கும் பேச வேறு விஷயமே இல்லை! கடைசியில் ஒருவர் பாவமாக, நாலாவது மணிக் கயிறு மட்டும் ஏன் இழுக்க இவ்வளவு கனமா இருக்கு ஹிலரி என்றார். நான் ஆரம்பித்தேன், கடை சாத்தும் வரை நிறுத்தவில்லை. பிரெண்டாவுக்கு மூன்று பிள்ளைகளாம், கேட்டுக்கொண்டேன். அப்பாவிடம் வந்து சொன்னால், இதுல என்ன அதிசயம், நான் கட்டிக்கிட்டதே இந்தப் பேச்சைக் கேட்டுத்தானே என்கிறார்.

அங்கே வெயில் சுள்ளென்று அடிக்குமாம், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. இது வானிலைப் பேச்சு இல்லை, அம்மாவின் புத்திமதி. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அப்பாவுக்குப் பிடித்த அந்த ஊர்த் தேனை மறக்காமல் கொண்டு வா. நாங்கள் மான்செஸ்டர் விமான நிலையத்தில் நிற்போம். ஒவ்வொரு முறையும் நீ வெளியே வந்ததும், வழியெல்லாம் ஒரே மழை என்றுதான் நான் தொடங்குவேன், வேறு எந்த வாக்கியமும் என் கையில் இருக்காது. இந்த முறை எதையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வரமாட்டேன். உன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். நீயும் ஒன்றும் பேசாதே, கண்ணே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

மாறாத அன்புடன்,
உன் அம்மா ஹிலரி
(காலினும் அன்பைச் சொல்லச் சொன்னார்)