சாகத் தெரியாத மயக்க டாக்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று இபுகி என்னைச் சுட்டான்.

விரலைத் துப்பாக்கியாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, "டுமீல்!" நான் கட்டிலருகே குனிந்து, "சொல்லு, என்ன வேணும்?" என்றேன். சாப்பாட்டு மேசைமேல் காலைத் தூக்கி வைத்தவளைப் பார்ப்பதுபோல ஆபரேஷன் அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இபுகிக்கு ஏழு வயது. பொம்மைக்குள்ளிருந்த பட்டன் பேட்டரியை விழுங்கியவன். பேட்டரியை எடுத்தாகிவிட்டது. ஆனால் அது அரித்த இடத்தில் உணவுக்குழாய் சுருங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு வாரத்துக்கொரு முறை மயக்கம் கொடுத்து அதை விரிக்க வேண்டும். முகமூடி வைத்து வாயு கொடுக்கலாமென்றால் அந்த வாசனைக்கே வாந்தி. ஆகவே ஊசி. தூங்க வைக்கும் வெள்ளை மருந்து பார்க்கப் பால் மாதிரி சாது. புறங்கையின் சின்ன ரத்தக்குழாய்க்குள் போனால் நெருப்பு.

"வலிக்குமா?" என்று கேட்டான்.

"அது ஆளுக்கு ஆள் மாறும்." நான் ஏன் இப்படி?

"நான் எந்த மாதிரி ஆளு?"

யோசிப்பதற்குள் மருந்து போய்விட்டது. கையை வெடுக்கென்று இழுத்தான். ஊசி கழன்றது. மறுபடி குத்தினோம். தூங்குமுன் சொன்னான்: "இந்த அக்கா சுட்டாலும் சாக மாட்டாங்க. வலிக்குமான்னு கேட்டா சொல்லவும் மாட்டாங்க."

ஜூன் 4

வடக்கே எங்கள் ஊர் அகிதாவில் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஆளைக் கொல்ல அங்கே பனியே போதும்.

ஜூன் 6, வெள்ளி

இபுகியின் அம்மா போன் செய்தார். இனி ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று அலமாரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறானாம். "கஞ்சியே தொண்டையில நிக்குது டாக்டர். அவன் வராம போனா..." எனக்குத் தெரியும். வராமல் போனால் குழாய் மறுபடி மூடிக்கொள்ளும்.

கட்டுரை கட்டுரையாகப் படித்தேன். புதிதாக ஒன்றுமில்லை. முழங்கை மடிப்பின் பெரிய ரத்தக்குழாய். மேலே ரப்பர் பட்டை. முதலில் மரத்துப்போக வைக்கும் மருந்து. ஒரு நிமிடம் காத்திருந்து, பட்டையை அவிழ்த்து, அப்புறம்தான் வெள்ளை மருந்து. எல்லோருக்கும் தெரிந்ததுதான் — ஆனால் அந்த ஒரு நிமிடம் யார் காத்திருக்கிறார்கள்? பட்டையைக் கட்டும்போதே சர்ஜன் குரோசே கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு செருமுவார். குரோசே செருமினால் சுவர்கூட நிமிர்ந்து நிற்கும். குழந்தைக்கோ அந்த நிமிடம் முழுக்கப் பயப்படுவது ஒன்றே வேலை.

ஜூன் 9, திங்கள்

நர்ஸ் நிஷிவாக்கி-சானிடம் புலம்பினேன்.

"ஒரு நிமிஷம்தானே? அவன் சுடட்டும். நாம சாவோம்."

"எல்லாருமா?"

"இந்த ஒசாகாவுல விரலால சுட்டா சாகணும் டாக்டர். முன்னப்பின்ன தெரியாதவங்களே சாவாங்க. வந்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் ஒரு தடவைகூட சாகலையா நீங்க?"

நர்சுகள் அறையில் எல்லோர் முன்பும் செத்துக் காட்டினார். நெஞ்சைப் பிடித்து, சுவரோடு சரிந்து, கடைசியில் ஒரு கால் மட்டும் துடித்தது. கையிலிருந்த தேநீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"இப்ப நீங்க."

செத்தேன்.

"டாக்டர், அதுக்குப் பேரு உக்கார்றது."

ஜூன் 12, வியாழன்

வீட்டில் ஒத்திகை. நான் படித்த நாவல்களில் எத்தனை சாவுகள்! எல்லோரும் இருமி இருமி, ஜன்னல் வழியே மழையைப் பார்த்து, இருபது பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டென்று சாவதற்கு இலக்கியத்தில் உதவியே இல்லை. ஃபிரிட்ஜ் முன்னால் திரும்பத் திரும்ப விழுந்தேன். கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார்.

"பூகம்பமோன்னு பாத்தேன்."

"அலமாரிய நகத்தினேன்."

"அலமாரி 'ஆ'ன்னு கத்துமா?"

ஜூன் 14, சனி

இபுகியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அலமாரிக்குள்ளிருந்தே பேசினான்.

"வலிக்குமா?"

"கொஞ்சம் சூடா இருக்கும். போன தடவை மாதிரி இருக்காதுன்னு நினைக்கிறேன். இருந்தா சொல்லு, நிறுத்திடறேன்."

"சுட்டா சாவீங்களா?"

"சாவேன்."

"எல்லாருமா?"

"எல்லாரும். குரோசே டாக்டர்கூட."

இதை ஏன் சொன்னேன்? அவரைக் கேட்கவே இல்லையே! அந்த மனுஷன் சிரிச்சே யாரும் பாத்ததில்லையே!

ஜூன் 16, திங்கள்

கேட்டேன். "நான் ஆபரேஷன் பண்றவன், நாடகம் போடறவன் இல்ல," என்று போய்விட்டார். போச்சு. நாளைக்கு அவரு செருமினாருன்னா அந்தப் பையன் இனி ஜென்மத்துக்கும் யாரையும் நம்ப மாட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

வந்தான். அம்மாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஆனாலும் வந்தான்.

முழங்கையில் ஊசி. குத்துவது தெரியாமலிருக்க மருந்துப் பட்டியை வார்டிலேயே ஒட்டியிருந்தோம். ரப்பர் பட்டையைக் கட்டி, மரத்துப்போக வைக்கும் மருந்தை விட்டு, "இப்ப உன் நிமிஷம்," என்றேன்.

டுமீல். நிஷிவாக்கி-சான் சுவரோரம், கால் துடிப்புடன்.

டுமீல். நான். ஒரு கையால் அவன் கையை விடாமல், மறு கையால் நெஞ்சைப் பிடித்து, "என் புத்தகத்தையெல்லாம்... நூலகத்துக்கு..." என்று கட்டில் விளிம்பில் சரிந்தேன். ஒத்திகையில் இல்லாத வசனம். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"இந்த அக்கா ரொம்ப நேரம் சாவுறாங்க," என்றான் இபுகி. விரல் குரோசே பக்கம் திரும்பியது.

டுமீல்.

குரோசே செருமினார்.

இபுகியின் விரல் மெல்லத் தாழ்ந்தது.

அப்புறம் — கையுறை எதிலும் படாதபடி இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு, முழங்கால் மடங்கி, "அடப்பாவி... சாப்பாட்டு நேரத்துல சுட்டுட்டானே..." என்று அந்த மனிதர் அங்குலம் அங்குலமாகத் தரையில் இறங்கினார். செத்த பிறகும் கைகள் மேலேயே நின்றன.

இபுகி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நிமிடம் முடிந்திருந்தது. பட்டையை அவிழ்த்து வெள்ளை மருந்தை மெதுவாக விட்டேன். கை அசையவில்லை. "சூடு... கொஞ்சூண்டு," என்றான். இன்னொரு முறை சுட விரலை நீட்டினான். பாதியில் தூங்கிப்போனான்.

"யாராவது தூக்கி விடுங்க," என்றது தரையிலிருந்து ஒரு குரல். "கையத் தொடாம."

ஜூலை 1, செவ்வாய்

இபுகி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த சின்னப் பெண்ணுக்கு இதுதான் முதல் தடவையாம். வலிக்குமா என்று அவனிடம் கேட்டாள். நான் திரைக்குப் பின்னால் அப்படியே நின்றேன்.

"கொஞ்சம் சூடா இருக்கும்," என்றான், பெரிய மனுஷன் மாதிரி. "ஒரு நிமிஷம் பொறுத்துக்கோ. அதுக்குள்ள டாக்டருங்க எல்லாரும் செத்துருவாங்க."

அவளுடைய அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.