தைத்து மூடிய வலப்பக்கப் பை

அண்ணை,

உங்களுடைய கோட்டு இப்போது என் வீட்டு வாசற் கொழுவியில் தொங்குகிறது. உங்கள் காரியங்கள் எல்லாம் முடிந்து, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கோல்டிங்கிலிருந்து காரில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். இன்று காலை குப்பை கொட்டப் போகும்போது, கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். குளிருக்குக் கைகள் தாமாகவே பைகளைத் தேடிப் போயின. இடக்கை உள்ளே போய்விட்டது. வலக்கை துணியில் முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் எதைப் போட்டிருக்கிறேன் என்று உறைத்தது. குப்பைப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மனைவி இரண்டு தரம் கேட்டுவிட்டாள், என்ன வந்தது உங்களுக்கு என்று.

அந்தக் கறுப்பு நூலை எனக்குத் தெரியும். டென்மார்க்குக்கு வந்த புதிதில், ஹேர்னிங் துணி ஆலையில் நாம் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்த காலத்து நூல் அது. தடிப்பான நூல், பல்லால் கடித்தாலும் அறாது. பழைய உடுப்புக் கடையில் கோட்டை வாங்கி வந்த அன்றே வலப்பக்கப் பையின் வாயை நெருக்கமாகத் தைத்து மூடிவிட்டீர்கள். காற்சட்டைகளிலும் அப்படித்தான். வீட்டுத் திறப்பு, கைக்குட்டை, பஸ் ரிக்கற் எல்லாம் இடப்பக்கத்தில். வலக்கை எந்தக் குளிரிலும் வெளியே தொங்கும்.

ஹேர்னிங்கில் நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் மூத்தவர், நான் இளையவன், நடுவில் மற்ற இருவர். நாலு பேருடைய மனைவி பிள்ளைகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. பிற்காலத்தில் பத்திரிகைகள் அதற்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்தன. ஓர் அரசாங்கமே அதனால் விழுந்தது. எங்களுக்கு அப்போது அதற்குப் பெயர் ஒன்றும் இல்லை. காலையில் கதவுத் துவாரத்தால் கடிதம் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருப்போம், அவ்வளவுதான்.

அந்த இருப்பில் உங்கள் பைதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. "அண்ணை கொம்யூன் கந்தோரிலை குடுத்த உதவிக் காசை அதுக்குள்ளை வைச்சுத் தைச்சிட்டார்" என்பான் ஒருவன். "இல்லையடா, அண்ணியின்ரை கடிதம்" என்பான் மற்றவன். நீங்கள் சிரித்துவிட்டு உருளைக்கிழங்கு சீவுவீர்கள்.

நீங்கள் ஊரில் பொலிசில் இருந்தவர் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் பனிக்காலத்தில் உங்கள் அகதிப் படிவத்தை நிரப்பித் தந்தவன் நான். "தம்பி, இது உன்னோடை இருக்கவேணும்" என்றீர்கள். பொலிஸ் உடுப்புப் போட்ட தமிழனுக்கு அந்த நாளில் நம் ஆட்களிடையே துரோகி என்று பெயர் என்பது எனக்குத் தெரியாததா? அந்தப் பெயருக்குப் பயந்துதானே நீங்கள் நாட்டையே விட்டீர்கள். ஓம் அண்ணை என்று தலையாட்டினேன்.

அடுத்த பனிக்காலத்தில்தான் அது நடந்தது. பின்னேர வேலை முடிந்து நடந்து வந்தபோது மூன்று இளைஞர்கள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். கத்தினார்கள். போத்தல் ஒன்று என் காலடியில் வந்து உடைந்தது. நான் ஓடினேன், அண்ணை. பனியில் புதைந்த ஒரு சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் விடிய நீங்கள்தான் போய்த் தேடி எடுத்து வந்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் காய வைத்தீர்கள். சப்பாத்துக் காய்ந்தது. எனக்குள் இருந்தது காயவில்லை.

வேலையிடத்தில் ஒருவன், ஜெர்மன் எல்லைக்கு அப்பால் தனக்குத் தெரிந்த ஆளிடம் கைத்துப்பாக்கிகள் இரண்டு இருப்பதாகச் சொன்னான். ஒன்று தட்டையானது, கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது. மற்றது ரிவோல்வர், கொஞ்சம் பாரம். இரண்டையும் பற்றி அவன் சொன்னதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு உங்களிடம் வந்தேன். குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"எது அண்ணை நம்பி வைச்சிருக்கலாம்? அவசரத்துக்குக் கைவிடாதது எது?"

கடதாசியை வாங்கி வாசித்தீர்கள். மடித்து மேசையில் வைத்தீர்கள்.

"எனக்கும் இப்பிடித்தான் ரெண்டை மேசையிலை வைச்சுத் தெரிவு செய்யச் சொன்னவங்கள். இயக்கப் பெடியள் பொலிஸ்காரரைச் சுடத் தொடங்கின நேரம். வீட்டை போகேக்கையும் கொண்டு போ, சனத்துக்குத் தெரியாமல் வைச்சிரு எண்டாங்கள். நான் சின்ன ரிவோல்வரை எடுத்தன். சிக்காது, எந்த நேரமும் வேலை செய்யும் எண்டு ஆயுத அறையிலை இருந்தவர் சொன்னவர். அவர் சொன்னது சரி. அதிலை ஒரு பிழையுமில்லை."

தையற்காரரிடம் போய் எல்லாக் காற்சட்டையிலும் வலப்பக்கப் பையை ஆழமாக்கித் தைப்பித்தீர்களாம். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டதாம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் கை அங்கே போகும். கோயிலில் போகும். கலியாண வீட்டில், பந்தியில் இருக்கும்போது போகும். குழந்தையை இடக்கையால்தான் தூக்குவீர்களாம்.

"சந்திக் கடைக்கார மனுசன் என்னைத் தம்பி எண்டுதான் கூப்பிடுவார். ஒருநாள் பின்னேரம் சாமான் வாங்கிக்கொண்டு வாறன். பின்னாலை சைக்கிள் ஒண்டு வேகமா வருது. திரும்பிப் பாத்தன். ஒரு கையிலை கறுப்பா நீளமா என்னவோ. அவ்வளவுதான். நான் எடுத்தது எனக்கு ஞாபகமில்லை, தம்பி. நீட்டிக்கொண்டு நிக்கிறன். மனுசன் சைக்கிளோடை விழுந்து, சாரமெல்லாம் நனைஞ்சு போய், கையைக் கூப்பிக்கொண்டு, 'ஐயா, குடை ஐயா, உங்கடை குடை ஐயா' எண்டு அழுகிறார். கடையிலை நான் விட்டிட்டு வந்த குடை."

தண்ணீர்க் குழாயைத் திறந்து லீக்ஸை நெடுநேரம் கழுவினீர்கள்.

"அடுத்தநாள் காலமை அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திட்டன். சுட்டால் சுடட்டும் எண்டு வெறுங்கையோடை நடந்தன். கடைக்குப் போய்க் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டன். அவர் எழும்பி நிண்டு, 'பரவாயில்லை ஐயா' எண்டார். அதுக்குப் பிறகு அந்த மனுசன் என்னை ஒருநாளும் தம்பி எண்டு கூப்பிடேல்லை."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கோட்டின் தைத்த இடத்தைத் தட்டிக் காட்டினீர்கள். "இப்பவும் ஆரும் பின்னாலை வந்தால் கை அங்கைதான் போகுது. போக இடம் இருக்கக்கூடாது."

நான் என் கடதாசியைக் கிழித்து லீக்ஸ் தோலோடு போட்டேன். அந்த வசந்தத்தில் வேலையிடத்து ஆளைப் பொலிஸ் பிடித்தது. அவனிடம் வாங்கியவர்களையும் பிடித்தது. நானும் வாங்கியிருந்தால் என் விண்ணப்பம் அன்றோடு முடிந்திருக்கும். என் மனைவி இன்று குப்பையைப் பற்றிக் கேட்பதற்கு இந்த நாட்டில் இருந்திருக்க மாட்டாள்.

இதற்குக் கைம்மாறாக நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் கையால் ஒருமுறையாவது எழுத வேண்டும்.

ஒரு ஞாயிறு மத்தியானம். நீங்கள் மேலதிக வேலைக்குப் போயிருந்தீர்கள். நாங்கள் மூவரும் பியரோடு காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தோம். வழமைபோல என் சப்பாத்தில் தொடங்கினார்கள். "சப்பாத்தை விட்டிட்டு ஓடின வீரன்" என்றான் ஒருவன். "பிஸ்டல் வாங்கப் போறனெண்டு துள்ளினாய், எங்கையடா பிஸ்டல்?" என்றான் மற்றவன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"பிஸ்டல் பற்றி அண்ணையைக் கேளுங்கோ. பொலிசிலை இருந்து எங்கடை சனத்துக்கே நீட்டினவர்."

சிரிப்பு நின்றது. "ஆர்? எங்கடை அண்ணையோ? ஆருக்கு நீட்டினவர்?"

"ஒரு கடைக்காரருக்கு. மனுசன் பயத்திலை சாரத்தோடையே போயிட்டுது."

அதோடு நிறுத்தினேன். குடையைச் சொல்லவில்லை. மறுநாள் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லவில்லை. போய்க் கும்பிட்டதைச் சொல்லவில்லை. மறந்து விட்டதல்ல, அண்ணை. அவற்றைச் சொன்னால் கதை சப்பென்று போய்விடும், பேச்சு மறுபடி என் சப்பாத்துக்கு வந்துவிடும் என்று தெரிந்தே விட்டேன். அவர்கள் என்னை மறந்து உங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பின்னேரம் நீங்கள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "வாங்கோ இன்ஸ்பெக்டர் ஐயா" என்றான் ஒருவன். நீங்கள் அவனைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தீர்கள். நான் கையிலிருந்த காட்ஸைப் பார்த்தேன். பிறகு குழாயடியில் கை கழுவும் சத்தம் கேட்டது.

அந்த வீட்டில் அதன்பின் உங்களை யாரும் அண்ணை என்று கூப்பிடவில்லை. நானும் அவர்கள் இல்லாத இடத்தில்தான் கூப்பிட்டேன். ஒரு மாதத்துக்குள் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு, தனி அறை எடுத்துப் போய்விட்டீர்கள். பஸ் அரிதாகவே வரும் ஊர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இறங்கியபோது நான் மாடியில், குளியலறையில் நின்றேன். குளிக்கவில்லை. சும்மா நின்றேன்.

பிறகு உங்கள் மனைவியின் கடிதம் பழைய விலாசத்துக்கு வந்தது. "ஐயாவுக்கு வந்திருக்கு, கிடக்கட்டும்" என்று பிரிட்ஜின் மேல் போட்டார்கள். மூன்று கிழமை கிடந்தது. பாலை எடுக்கும்போதெல்லாம் அதைக் கண்டேன். எடுத்துப் போனால் அவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். கடைசியில் ஒரு பழைய கார் வாங்கியதும், அதைச் சாட்டாக வைத்து உங்களிடம் வந்தேன்.

"இப்பதான் வந்தது, அண்ணை."

நீங்கள் முத்திரையின் திகதியைப் பார்த்தீர்கள். உடைத்து நின்றபடியே வாசித்தீர்கள். உங்கள் அம்மா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. ஒற்றைப் பிள்ளை நீங்கள்; அங்கே போய்க் கொள்ளி வைக்க முடியாவிட்டாலும், இங்கே ஒருநாள் விரதம் இருந்திருக்கலாம், ஒரு விளக்காவது ஏற்றியிருக்கலாம். அன்றைக்கு நீங்கள் தொழிற்சாலையில் வேலையில் நின்றிருப்பீர்கள். கடிதத்தை மடித்து இடப்பக்கப் பையில் வைத்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தனீ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றீர்கள். நான் குடித்தேன்! அந்தத் தேநீரைக் குடிக்க என் தொண்டை எப்படி இடம் கொடுத்தது?

பிறகு விண்ணப்பங்கள் அசைந்தன. உங்கள் மனைவியும் மூன்று வயது மகளும் வந்தார்கள். என் ஆட்களும் வந்தார்கள். பெண்கள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். பிறந்தநாள், பொங்கல், சாமத்தியவீடு என்று முப்பது வருடத்துக்கு மேல் நாம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஏன் சொன்னாய் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, உங்களைக் காரில் கொண்டுபோய் விடும்போது நானே வாயைத் திறந்தேன். "அண்ணை, அந்த நேரம் நான்…"

"ரோட்டைப் பார். வழுக்கும்."

அதை மன்னிப்பென்று எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது. அது மன்னிப்பல்ல என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு உங்கள் மகள் இதே கதிரையில் இருந்தாள். மருத்துவமனை வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கோட்டை மடியில் வைத்துத் தைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்தப் பொக்கெட் ஏன் தைச்சிருக்கு? சின்னனிலை இருந்து கேக்கிறன். அப்பா சிரிப்பார். கடைசிக் கிழமை திரும்பக் கேட்டன். 'மாமாவைக் கேள், அவருக்குத் தெரியும்' எண்டவர்."

நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.

"தெரியாது, பிள்ளை" என்றேன். "குளிருக்கு இருக்கும்."

அவள் நேரே என்னைப் பார்த்தாள். உங்கள் பார்வை அப்படியே இருக்கிறது அவளிடம். "சரி. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் இருந்த சிநேகிதம் நீங்கள்தான். கோட்டு உங்களிட்டை இருக்கட்டும். தக், மாமா" என்று டேனிஷில் நன்றி சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

சொல்லக்கூடாதென்று நீங்கள் சொன்னபோது சொன்னேன். சொல்லச் சொல்லி விட்டுப்போனபோது வாயை மூடிக்கொண்டேன். என்ன மனிதன் நான்? உங்கள் மேல் கோபமும் வருகிறது, அண்ணை. நீங்களே சொல்லியிருக்கலாமே. மகளிடம் நாலு வார்த்தையில் முடிந்திருக்கும். அரைக் கதை சொன்னவனிடமே மிச்சத்தையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். தண்டனைக்கா, இன்னும் என்னை நம்பியா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

சற்று முன் அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். சனிக்கிழமை அவளுக்கு லீவு. "வாங்கோ மாமா, மத்தியானம் சாப்பிடலாம்" என்றாள். சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், தேநீரைக் குடித்ததுபோல இதையும் செய்யக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போவேன். நூலைப் பிரிக்க மாட்டேன். கடைக்காரரின் சாரம் நனைந்ததையும் சொல்வேன், குடையையும் சொல்வேன். மறுநாள் காலை நீங்கள் வெறுங்கையோடு நடந்ததைச் சொல்வேன். பிறகு அந்த ஞாயிறு மத்தியானத்தையும், பிரிட்ஜின் மேல் கிடந்த கடிதத்தையும், அதை மூன்று கிழமை கண்டும் காணாமல் பாலை எடுத்தவன் யார் என்பதையும் சொல்வேன். அவள் கதவைத் திறக்கும்போது மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் சொல்லி முடித்துத் திரும்ப வெளிக்கிடும்போது என்னவென்று கூப்பிடுவாளோ, தெரியாது.