இறக்கை கட்டிய வெள்ளைக் குதிரை

கல்வர் சிட்டி,
2 நவம்பர் 1938

அன்புள்ள ஆர்வில்,

கோபித்துக்கொள்ளாதே. ஆறு வாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஐந்து மாதமாகிவிட்டது. நான் என்ன செய்ய? மூன்றாவது டைரக்டரும் படத்தை விட்டுப் போய்விட்டார்! நாலாமவர் எடுத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மேகராணி கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

ஆனால் இதைக் கேள்! ராணி பறக்கும் குதிரையில் வரும் காட்சி எனக்குத்தான்! கதாநாயகிக்குக் குதிரை என்றாலே உதறல். முகம் அவளுடையது, முதுகு என்னுடையது. குதிரைக்குப் பின்னாலிருந்து வந்து பெரிய இறக்கைகளைக் கட்டி, காற்றுக்காகப் பெரிய மின்சாரக் காற்றாடியைச் சுழலவிடுகிறார்கள். இறகு படபடத்ததும் அது துள்ளுகிறது. இரண்டு பேரைத் தள்ளிவிட்டது, ஒருவனுக்குக் கை முறிந்தது. டைரக்டர், "இதுக்கு நடிக்கத் தெரியலைன்னா வேற குதிரையக் கொண்டாங்கய்யா!" என்று கத்துகிறார். 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை நான் ஏறுகிறேன். பயமே இல்லை, சத்தியமாக!

உன்
லெட்டி

நெப்ராஸ்கா,
7 நவம்பர்

லெட்டிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இங்கே எல்லோரும் சௌக்கியம். சோளம் அறுத்தாயிற்று. பக்கத்துப் பண்ணை மேபல், "உம் பொண்டாட்டி ராணியாயிட்டாளாமே, இனி இந்தச் சேத்துல கால் வைப்பாளா?" என்றாள். சிரித்துவைத்தேன். எனக்கும் அதே கேள்விதான்.

24ஆம் தேதி நன்றி நாள், குடும்பமே கூடிச் சாப்பிடும் பண்டிகை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நீ இல்லாவிட்டால், அப்புறம் வரவே வேண்டாம்.

ஆர்வில்

கல்வர் சிட்டி,
12 நவம்பர்

ஆர்வில்,

கை முறிந்த கதையை எழுதினேனே, "பார்த்து ஏறு" என்று ஒரு வார்த்தை உண்டா? சரி, வரவில்லை போ! படத்தில் என் பெயர்கூட வராது, தெரியும். ஆனாலும் நான் ஏறும்போது செட்டில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். நீ என்றைக்கு அப்படிப் பார்த்தாய்?

லெட்டி

ஸ்டூடியோ வாசல்,
வெள்ளி காலை

லெட்டி,

கடிதம் போய்ச் சேர்வதற்குள் நீ ஏறிவிடுவாய் என்று நானே ரயிலேறிவிட்டேன். காவலாளி, "ராணிக்குப் புருஷன்னு தினம் பத்துப் பேரு வர்றான், போய்யா!" என்று விரட்டுகிறான். கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சீட்டை உள்ளே அனுப்புகிறேன்.

அந்த மடையர்களை நிறுத்தச் சொல்! முதுகில் திடீரென்று எது படபடத்தாலும் மிருகம் பாய்கிறது என்றுதான் குதிரை நினைக்கும். முதலில் இறக்கையை அதன் மூக்கருகே காட்டு, மோந்து பார்க்கட்டும். தீனி தின்னும்போது முதுகில் போட்டுப் பழக்கு. காற்றாடியெல்லாம் அப்புறம். நான் வரும்வரை ஏறாதே, என் கண்ணல்லவா!

உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. நீ பறப்பதைப் பார்க்க வந்திருக்கிறேன். சீக்கிரம் கதவைத் திறக்கச் சொல்லடி!

ஆர்வில்