டிபன் பாக்ஸில் நான் வைத்த வெள்ளை எலி

எலிகளுக்கு எடை பார்த்தே இளைத்துப்போன என் கயல் அக்காவுக்கு,

நீ போய் நேற்றோடு ஒரு வருஷம். திதி முடிந்தது. உனக்கு மெதுவடை பிடிக்கும் என்று சொல்லி அப்பா நிறையச் சுடச் சொன்னார். நீ அதைத் தொடவே மாட்டாய், அவருக்குத்தான் பிடிக்கும். உன் பெயரைச் சொல்லி ஏழு தின்றார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் இட்லிக் கடை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் அதே இடத்தில்தான். குழாய்க்குப் பக்கத்தில் நீ கட்டிய சோப்பு வலையும் அங்கேதான் தொங்குகிறது. "சானிடைசர் தடவுனா வாந்தி பேதி குடுக்கற நோரோ வைரஸ் சாவாது சாமி, சோப்புப் போட்டுக் கழுவிட்டு உக்காருங்க" என்று பௌர்ணமிக் கூட்டத்திலும் அம்மா ஒருத்தரையும் விடுவதில்லை. "யாருமா அந்த நோரோ?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "என் பொண்ணோட வேலை" என்றாள். அவர் உன் மாப்பிள்ளை என்று நினைத்திருப்பார்.

நீ வேலூர்ப் பக்கம் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தபோது அம்மா ஊரெல்லாம் "டாக்டருக்குப் படிக்கிறா" என்றாள். புழுக்கை பொறுக்கப் போகிறாள் என்று நான் சொன்னேன். இரண்டும் உண்மை. உனக்கு எலிசபெத் ராணி என்று பட்டம் கொடுத்தது நான்தான், அதை மட்டும் திரும்பப் பெறுவதாக இல்லை.

ஆனால் இந்தக் கடிதம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. பள்ளித் தோழி வீட்டில் வளர்க்கும் வெள்ளை எலியை வாங்கிவந்து, சாயங்காலம் உன் காலி டிபன் பாக்ஸில் போட்டுவைத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நீ பையைக் கட்டிக்கொண்டிருந்தாய். வேறு யாராக இருந்தாலும் அலறி டப்பாவை வீசியிருப்பார்கள், எலியைத் தொட்டிருக்க மாட்டார்கள். நீ மூடியைத் திறந்தாய், வாலின் அடியைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையில் உட்காரவைத்து, "ஆண் குட்டி" என்றாய். தொழில் பழக்கம். அதற்குப் பிறகுதான் உன் முகம் வெளுத்தது.

"வெறுங்கையில தொட்டுட்டேன்டி."

"கடிச்சிருச்சாக்கா?"

"வெளி எலியைத் தொட்டா அஞ்சு நாள் லேபுக்குள்ள விட மாட்டாங்க. நம்ம கையிலயோ துணியிலயோ எதுனா ஒட்டிட்டுப் போச்சுன்னா அங்க இருக்கற எலிங்களுக்கெல்லாம் தொத்திக்கும். இந்த வாரம் தினம் எடை பாக்கணும்டி."

கையைக் கழுவிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்? நீ உடனே உன் பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னாய். அம்மாவிடம் மட்டும், "அஞ்சு நாள் லீவு கெடைச்சுதுமா" என்றாய். என்னிடம் கிசுகிசுப்பாக, "நெஜத்தைச் சொன்னா உன்னை உரிச்சிடுவாங்க" என்றாய்.

அந்த ஐந்து நாளில் காலையில் அம்மாவோடு சட்னி அரைத்தாய். ஒரு நாள் கூட்டமே இல்லாத கிரிவலப் பாதையில் என்னை நடக்கவைத்தாய். மருந்து கொடுத்துக் குடலிலுள்ள பாக்டீரியாவைக் காலி செய்த எலிகள்தான் உன் எலிகள் என்றாய். அதுகளுடைய குடல் சுவர் மெலிந்துவிடும், அப்போது எலிக்கு வரும் நோரோவைக் கொடுத்தால் சிலதுக்குக் குடல் தேறுகிற மாதிரி தெரிகிறது, அது நிஜம்தானா என்று பார்க்கிறேன் என்றாய்.

"வைரஸ் போயி நல்லது பண்ணுமா?"

"தொல்லை பண்றது கூட சில சமயம் உபயோகமா இருக்கும் போல."

"என்னை மாதிரின்னு சொல்லு."

"நீ உபயோகமா இருந்ததை நான் இன்னும் பாக்கல."

ஆறாம் நாள் போனாய். மூன்று வாரம் கழித்து போனில், வைரஸே கொடுக்காத எலிகளிலும் வைரஸ் வந்துவிட்டது, பாதி வேலை போச்சு என்றாய். என்னாலயாக்கா என்று கேட்க வாய் வரவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த மாதம் உனக்கு டெங்கு.

அம்மாவுக்கு அந்த ஐந்து நாள்தான் எல்லாமே. "போறதுக்கு முன்னாடி என்கூட இருக்கணும்னு அவளுக்கே தோணியிருக்கு பாரேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

போன வாரம் உன் ஆய்வுக்கூடத் தோழி ரெஹானா அக்கா உன் ஆய்வு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஒரு வருஷமாக விழுங்கிவைத்ததைக் கேட்டே விட்டேன். அவங்களுக்குச் சிரிப்பு. "உங்கக்கா திரும்பி வந்த பிறகு வேற இடத்துலேர்ந்து புது எலிங்க வந்துச்சும்மா. அதுங்களோட வந்த வைரஸ் அது. யார் எப்போ உள்ள வந்தாங்கன்னு தேடுனப்போ இவ மட்டும் எல்லாத்தையும் எழுதி வெச்சிருந்தா. அதனாலதான் சீக்கிரம் கண்டுபிடிக்க முடிஞ்சுது. கெட்டுப்போன பாதியை இப்ப நான் திரும்பப் பண்றேன். கட்டுரையில அவ பேருதான் முதல்ல வரும்."

அவங்க போனதும் அம்மா நோட்டைப் புரட்டினாள். அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம். "அவ வீட்டுக்கு வந்தப்ப இன்னா எழுதியிருக்கா, படிடி" என்றாள்.

எல்லாம் இங்கிலீஷ். நான் என்ன படித்தாலும் அம்மா நம்புவாள். 'அம்மாவோடு இருக்க ஆசை, லீவு போட்டேன்' என்று படித்தால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே பொய் படிக்க முடியவில்லை. உள்ளதைப் படித்தேன்: "வீட்டில், டிபன் பாக்ஸில் தங்கை வைத்த வெளி எலியை வெறுங்கையால் தொட்டேன். ஐந்து நாள் உள்ளே வர மாட்டேன். எடை பார்ப்பது ரெஹானா."

அம்மா நோட்டை மூடிவைத்தாள். பிறகு நடுமண்டையில் நங்கென்று ஒரு கொட்டு. அப்புறம் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவ பத்து நாள் நிக்கற மாதிரி எதுனா பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?"

நன்றிக்கா. அன்றைக்கு என்னைத் திட்டாததற்கும், மறைக்காமல் எழுதிவைத்ததற்கும். இனிமேல் அம்மாவிடம் உன் எழுத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிப் படிக்க மாட்டேன். ரெஹானா அக்காவின் வேலை முடிகிற வரைக்கும் எந்த எலியும் என் கையால் யாருடைய டப்பாவுக்கும் போகாது. இது சத்தியம். பல்லியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

உன்னை ஐந்து நாள் அம்மாவிடம் பிடித்துக் கொடுத்த,
உன் தங்கச்சி மது