முப்பத்தேழா, எழுபத்துமூன்றா?

என் செல்லத் தங்கை செண்பகத்துக்கு,

இன்று ஆடிப்பெருக்கு. அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகள் சிவகாசியில் வெளிவரும் நாள். நான் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து ஒரு கட்டு வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகும் தேதிகளை ஒருமுறை நான் பார்த்துச் சொன்னால்தான் முதலாளிக்கு நிம்மதி. கட்டைப் பிரிக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

அதற்கு முன் ஒரு திருத்தம். நீ எங்களை விட்டுப் போனது பங்குனிப் பொங்கல் கொடியேற்றத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை. உன் மகன் குமரேசன் இணையப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தான். தகனம் நடந்த நாளை எழுதிவிட்டான், பாவம். மாற்றச் சொன்னேன். "இப்ப அது முக்கியமா மாமா?" என்றான். முக்கியம் என்றேன். மாற்றிவிட்டான்.

மாப்பிள்ளை காலமான பின் நீ விருதுநகர் பருப்புக் கடையை ஒப்படைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தபோது, இப்படி ஒரு வேலையில் இறங்குவாய் என்று நான் நினைத்தேனா? சென்னையிலிருந்து வந்த குமரேசன் தன் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியைத் தொலைக்காட்சியில் மாட்டிவிட்டுப் போனான். ஒரு வாரம் அதைத் துடைத்துவைத்தாய். மறுவாரம் அதில் கார் ஓட்டினாய். வயதான காலத்தில் இது என்ன வேலை என்று நான் முணுமுணுத்தேன்.

"நீங்க காகிதத்துல தப்பு தேடுறீக. நான் டிவிக்குள்ள எதிரியத் தேடுறேன். ரெண்டும் ஒரே பொழப்புதாண்ணே" என்றாய்.

 

பிறகு நீ விமர்சனம் எழுதத் தொடங்கினாய். குமரேசன் அதற்கென்று 'அத்தை மார்க்' என்று ஒரு பக்கம் திறந்தான். நூற்றுக்கு மதிப்பெண், கீழே நாலு வரிக் காரணம். கைப்பேசியில் ஒரே விரலால் தட்டி முடித்து என்னிடம் நீட்டுவாய். நான் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துத் தருவேன். துப்பாக்கி விளையாட்டுக்கு நாற்பத்தொன்று: "சத்தம் சரி. புகை ஒரு நிமிடத்தில் கலைகிறது. வெடியைத் தொட்டே பார்க்காதவன் செய்தது." விவசாய விளையாட்டுக்கு முப்பத்தெட்டு: "பொத்தானை அமுக்கினால் மழை வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் நம்பமாட்டார்கள்." பேய் விளையாட்டுக்கு முப்பத்தைந்து: "கதவைத் தட்டிவிட்டு வருகிறது. மரியாதையான பேய்." கால்பந்துக்கு மட்டும் எப்படியோ ஐம்பத்திரண்டு போட்டாய். ஆட்டம் உனக்குப் பிடித்ததா, அதில் வரும் ஆட்டக்காரன் ஒருவனின் முடி பிடித்ததா என்று கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றாய்.

எழுபதை நீ யாருக்கும் கொடுத்ததில்லை. முப்பத்தைந்துக்குக் கீழே யாரையும் இறக்கியதுமில்லை. "அம்புட்டு பேரும் கஷ்டப்பட்டுத்தான் செஞ்சிருக்காக. பெயிலாக்க நான் யாரு?" என்பாய்.

இப்போது செய்தி. நான் பார்க்காமல் வெளியான உன் விமர்சனம் ஒன்றே ஒன்றுதான், கடைசியாக எழுதியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தட்டி, நேரே குமரேசனுக்கு அனுப்பிவிட்டாய். 'நாலு நிறம்' என்ற விளையாட்டு. நம் பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துப் பெண் மாரீஸ்வரி தனி ஆளாகச் செய்தது. அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். மங்கிக் கிடக்கும் ஒரு படத்தில் மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கையும் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் படம் தெளியும். அச்சகத்தில் நாங்கள் ரிஜிஸ்டர் சேர்ப்பது என்று சொல்வதையே அவள் விளையாட்டாக்கிவிட்டாள். நீ வாயாரப் புகழ்ந்திருந்தாய். மயில் தெளிந்து வந்தபோது ஊசி குத்திய கை வலிக்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். அதன் கீழே, மதிப்பெண் முப்பத்தேழு.

உலகத்து விமர்சகர்கள் போடும் மதிப்பெண்களை எல்லாம் திரட்டிக் காட்டும் தளம் ஒன்று இருக்கிறதாம். உன் பக்கத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே எழுபது என்றாலே சுமார் ரகம். ஐம்பதுக்குக் கீழே போனால் சிவப்புக் கட்டம். மாரீஸ்வரியின் விளையாட்டுக்குக் கிடைத்த ஒரே மதிப்பெண் உன்னுடையது என்பதால், அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு மட்டும் நின்றது. இரண்டாம் பாகத்தை எடுத்து வெளியிடுவதாக இருந்த பெங்களூர்க் கம்பெனி, யோசித்துச் சொல்கிறோம் என்று பின்வாங்கிவிட்டது.

குமரேசன் கூப்பிட்டான். "மாமா, அது எழுபத்து மூணுதான். அம்மாவுக்கு அப்ப கை நடுங்குச்சுல்ல? எண்ணு இடம் மாறியிருக்கும். இவ்வளவு புகழ்ந்துட்டு யாராவது முப்பத்தேழு போடுவாங்களா? நீங்க அச்சுப்பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாத்திடுறேன்."

யாரிடம் கேட்கிறான் பார். எண் இடம் மாறுவதைப் பிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவன் நான். பன்னிரண்டு இருபத்தொன்றாகி அமாவாசையே நகர்ந்துபோன தாள்களை அச்சேறுமுன் நிறுத்தியிருக்கிறேன். உன் கை நடுங்கியதும் உண்மை. தண்ணீர் டம்ளரை நான்தானே பிடித்துக்கொண்டிருந்தேன்?

ஆனால் உன்னுடைய முப்பத்தேழு எது என்று குமரேசனுக்குத் தெரியாது. பள்ளி இறுதித் தேர்வுக் கணக்கில் நீ வாங்கியது. நம் தெருவில் அந்தத் தேர்வில் தேறிய முதல் பெண் நீ. மதிப்பெண் புத்தகம் கைக்கு வந்த திங்கட்கிழமை அப்பா சேவுப் பொட்டலத்தோடு வீடுவீடாகப் போனார். கணக்கில் முப்பத்தேழுதானா என்று எதிர்வீட்டுக்காரர் இழுத்தபோது அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "முப்பத்தஞ்சு எல்லாருக்கும் உள்ளது ஓய். மேல ரெண்டு இருக்கு பாரும், அது எம் பிள்ள சொந்தமாச் சம்பாதிச்சது."

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு நீ போட்டது அந்த முப்பத்தேழா? அல்லது வாழ்க்கையிலேயே முதல்முறையாக எழுபதைத் தாண்டத் துணிந்தபோது விரல் பிசகிவிட்டதா? இரண்டும் இல்லாமல், விளையாட்டு நன்றாக இருந்தாலும் ஏதோ குறை கண்டு சும்மா ஒரு முப்பத்தேழு போட்டாயா? அதையும் செய்யக்கூடியவள்தானே நீ.

நான் விடை சொல்லத் தாமதிக்கவே, குமரேசனிடம் முகவரி வாங்கிக்கொண்டு மாரீஸ்வரி நேரிலேயே வந்துவிட்டாள். வாசலில் நின்று, "மாமா, அத்தை வீடு இதுதான?" என்றாள்.

"உனக்கு அவள் அத்தை என்றால் நான் பெரியப்பா. மாமா ஆகாது" என்றேன்.

"சரி பெரியப்பா. உள்ள வரவா, முறை பாத்துட்டுத்தான் விடுவீகளா?"

உனக்குப் பிடித்திருக்கும் செண்பகம். உன் படத்துக்கு முன் சற்று நேரம் நின்றாள். நான் காப்பி போட்டேன். சர்க்கரை அதிகம் என்றாள், மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு சுற்றிவளைக்காமல் கேட்டாள். "அத்தை எனக்கு நெசமாவே எம்புட்டு போட்டாக பெரியப்பா? மூணு வருசமா செஞ்சது. நல்லா இல்லேன்னா சொல்லிருங்க. பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல பில் போட ஆள் கேக்காக, அங்கன போயிருவேன்."

இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். உன் நடுங்கிய கையைச் சொன்னேன். குமரேசன் சொன்னதைச் சொன்னேன். அப்பா சேவு கொடுத்ததைச் சொன்னேன். எது சரி என்று எனக்குத் தெரியாது என்றும், நான் தலையசைத்தால் நாளைக் காலையே அது எழுபத்துமூன்றாகிவிடும் என்றும் சொன்னேன்.

அவள் காப்பி டம்ளரை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். பிறகு சிரித்தாள். "எனக்கும் கணக்குல முப்பத்தாறு பெரியப்பா. பார்டர் பாஸ். எங்கம்மா அன்னைக்கு லட்சுமி வெடி வச்சா, வெடிக்கட்டுக் கம்பெனியில வேல பாக்குறவளுக்கு அதுக்காச்சும் கொறச்சலான்னு."

"அப்படியென்றால்?"

"அத்தை என்னய விட ஒரு மார்க் கூடல்ல? மாத்தாதீக. எழுபத்து மூணுன்னு நீங்க போட்டா அது நீங்க போட்டது. எனக்கு அத்தை போட்டதுதான் வேணும்."

என் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூலப்படி கையில் இருந்தால் ஒப்பிட்டுத் திருத்தலாம். எழுதியவர் இருந்தால் கேட்டுத் திருத்தலாம். இரண்டும் இல்லாதபோது எண்ணில் கைவைக்கக்கூடாது. ஆயுள் முழுக்க நான் காத்த இந்தக் கட்டுப்பாட்டை அவள் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

எண்ணைத் தொடவில்லை. என்றாலும் அந்தச் சிவப்புக் கட்டம் உறுத்திக்கொண்டே இருந்தது. அச்சகத்தில் வாடிக்கையாளர் நாட்காட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவது நினைவுக்கு வந்தது. திதி முடியும் நேரம் தப்பு என்பார். தப்பில்லை, அவர் பார்ப்பது திருக்கணிதம், நாங்கள் அச்சிட்டது வாக்கியம் என்போம். அதனால்தான் எந்தப் பஞ்சாங்கப்படி என்று நாட்காட்டியிலேயே ஒரு வரி போடுகிறோம். உன் பக்கத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான். குமரேசனிடம் சொல்லி எல்லா விமர்சனங்களுக்கும் தலைமேல் போடவைத்தேன்: "இப்பக்கத்தின் மதிப்பெண்கள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடக் கணக்குப்படி. முப்பத்தைந்து எடுத்தவர் தேர்ச்சி பெற்றவர். இதுவரை ஒருவரும் தோற்கவில்லை."

'தேர்ச்சி'யா 'பாஸா' என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. நான் ஜெயித்தேன்.

மதிப்பெண் திரட்டும் தளத்துக்கும் குமரேசன் இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். எண் எண்தான், நிறத்தை மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. பெங்களூரிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. மாரீஸ்வரி பில் போடும் வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் பாகத்தைத் தொடங்கிவிட்டாள். ஞாயிறுதோறும் வந்து, செய்த மட்டுக்கும் என்னிடம் காட்டுகிறாள். ஆமாம், உன் நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் விளையாடுகிறேன். சிரிக்காதே. மயிலை ஒருவழியாகத் தெளியவைத்துவிட்டேன். நீலம் ஒரு மயிரிழை விலகியிருக்கிறது என்றேன். "அது ஸ்கிரீனு பெரியப்பா, அச்சு மாதிரி விலகாது. உங்க கண்ணு" என்றாள். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தேன். கண்தான்.

உன் பக்கத்தில் நானும் எழுதவேண்டும் என்று குமரேசன் கேட்கிறான். எழுதலாம் என்றிருக்கிறேன். உன் பெயரில் அல்ல, கீழே தனியாக.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நீ போட்ட எந்த எண்ணையும் நான் தொடமாட்டேன், நான் இருக்கும்வரை பிறர் தொடவும் விடமாட்டேன். எனக்குப் பின் குமரேசனும் அப்படியே காக்கவேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டேன். ஒரு நாளையோ ஒரு நேரத்தையோ சந்தேகத்தில் விட்டுவிட்டு நான் தூங்கப் போனதில்லை என்று உனக்குத் தெரியும். இந்த முப்பத்தேழை மட்டும் சந்தேகமாகவே வைத்துக்கொள்கிறேன், செண்பகம். நீ வந்து சொல்லும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

என்றும் உன்னைத் திருத்திக்கொண்டே இருந்த,
உன் அண்ணன்
சிவகாசி, ஆடிப்பெருக்கு