பேரில்லானின் மணி

என் ஆசை அண்ணன் சவரிக்கு,

நீ காய்ச்சலில் போய் நாலு மாதம் ஆகிறது. உன் எசமான் வீட்டார் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்துகொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலேறிப் பத்து நாள் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் இப்போதாவது வெளியே வந்திருப்பாயா, இல்லை, பூட்டிய கதவுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாயா? எனக்கென்னவோ உட்கார்ந்திருப்பாய் என்றுதான் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவும் அம்மாவும் வாந்திபேதியில் ஒரே வாரத்தில் போனபோது உனக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. என்னைக் கன்னியர் மடத்தில் விட்டார்கள். எழுத்தும் தையலும் கிடைத்தன. உன்னை அந்த வீடு எடுத்துக்கொண்டது. "எங்க வீட்டுப் புள்ள மாதிரி வெச்சிக்கிறோம்" என்றார் எசமானி மதாம். வீட்டுப் பிள்ளையாம்! எந்த வீட்டுப் பிள்ளை மாடிப்படிக்குக் கீழே செருப்புகளோடு படுக்கிறது? சம்பளம் கிடையாது, கல்யாணம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தவிரத் தெருவே கிடையாது. வராந்தா மேசை மேல் அந்த வெண்கல மணி மட்டும் எப்போதும் இருக்கும். அது கிணுகிணுத்தால் வாயில் வைத்த சோற்றைத் துப்பிவிட்டு ஓடுவாய்.

கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தில் நீ எனக்குச் சொன்னது ஒரே கதைதான். கடலுக்கு அடியில் ஒரு நாடு. அந்த நாட்டு ராசா அடிமைகளின் பேரைப் பிடுங்கி ஆளுக்கொரு மணிக்குள் போட்டு வைத்துவிடுவான். மணி அடித்தால் போதும், அடிமைக்கு இஷ்டம் இல்லாவிட்டாலும் அவன் கால் தானாகத் திரும்பிவிடும். அதில் ஒருவன் பேரில்லான். எல்லையில் ஓடும் உப்பாற்றைத் தாண்டிவிட்டால் அவனுக்கு விடுதலை. ஒரு வாரக் கதையில் முதலை முதுகில் ஏறிப் போவான், அடுத்த வாரக் கதையில் நாணல் கட்டைப் பிடித்துக்கொண்டு போவான். முழங்கால் நனையும்போது மணி அடிக்கும்.

"அந்த மணியோட நாக்க அறுத்துப் போட வேண்டியதுதான? அவனெல்லாம் ஒரு ஆம்பளயா?" என்று கத்துவேன்.

"அறுத்தா உள்ள இருக்கற பேரும் செத்துப்போயிடும் செலின். பேரில்லாம அக்கரைக்குப் போயி, நான் இன்னாருன்னு என்னத்த சொல்லுவான்?"

எசமான் மகள் கிளேருக்கும் இதே கதைதான். அவள் சின்னப் பெண். தாண்ட வேண்டாம், தாண்டினால் கதை முடிந்துபோகும் என்பாளாம். இதை நீ சிரித்துக்கொண்டே சொல்வாய்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அன்று காலை துணி மூட்டையோடு என் அறைக்கு வந்தாய். தெருவெல்லாம் வெடிச் சத்தம். "வந்துட்டேன் செலின். இனிமே போவல" என்றாய். தையல் மிஷினை மூடிவிட்டு அழுதேன். மீன் குழம்பு வைத்தேன். இரண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டுப் பட்டப்பகலில் பாய் விரித்துத் தூங்கினாய். நீ தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டினாய்.

"எங்க கிளம்பற?"

"முசியேவுக்குக் காப்பி வேள. பாவம், பால் எங்க இருக்குதுன்னுகூட அவருக்குத் தெரியாது. குடுத்துட்டு வந்துடறேன்."

யாரும் மணி அடிக்கவில்லை அண்ணா! அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கைகூட உன்னைத் தேடி வரவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போ! போயி அவங்க கால நக்கு! இனிமே என் வாசப்படிய மிதிக்காத!" என்று கத்தினேன்.

நீ மிதிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு வந்து எதிர்ச் சுவரோரம் நின்றாய். "உள்ள வாண்ணா" என்றால், "நீதான மிதிக்காதன்ன" என்று சிரித்தாய். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஏழரை வருஷம் அண்ணா. மழை பெய்தாலும் அங்கேதான் நின்றாய். பேரில்லான் கதையைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று உரக்கச் சொன்னாய். குறுக்கே வண்டி போனால் நிறுத்திக்கொள்வாய். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். படி வரை வந்தாய், அதற்கு மேல் உன் கால் வரவில்லை. அவர்கள் சொன்னதற்குக் கட்டுப்பட்டது போலத்தான் நான் சொன்னதற்கும் கட்டுப்பட்டாய். உன்னை விடுதலை பண்ணுகிறேன் என்று கிளம்பிய நானும் உனக்கு ஒரு மணியைத்தானே அடித்தேன்?

கப்பலுக்கு இரண்டு நாள் முன்பு கிளேர் வந்தாள். காகிதத்தில் சுற்றிய எதையோ நீட்டினாள். அந்த வெண்கல மணி. "சவரி ஞாபகமா நீங்க வெச்சிக்கணும்னு அம்மா சொன்னாங்க." கேட்டாயா கூத்தை! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "பேரில்லான் ஆத்தத் தாண்டினானா? உங்ககிட்டயாவது சவரி முடிவு சொன்னானா?"

உனக்கு நாற்பத்திரண்டு வயது, அவளுக்கு இருபது. 'சொன்னானா' என்கிறாள்.

"தாண்ட வேணாம்னு நீதான சொன்ன? அங்கயேதான் நிக்கிறான், போ" என்றேன். போய்விட்டாள். அதற்குப் பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. உன்னை நிற்க வைத்தவள் அவள் மட்டுமா?

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மணியோடு உட்கார்ந்தேன். நாக்கை அறுப்பதற்கு முன் கவிழ்த்து உள்ளே பார்த்தேன். பைத்தியக்காரி, எதைத் தேடினேனோ! உள்பக்கம்கூடப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறாய். வேறு ஒன்றுமே இல்லை அண்ணா. உன் பேர் அதற்குள் ஒரு நாளும் இருந்ததில்லை. நாக்கைக் கட்டியிருந்த தோல் வாரை ஒரே வெட்டில் அறுத்துவிட்டேன்.

உன் கல்லறைச் சிலுவையில் அந்த வீட்டுப் பேரைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே 'விசுவாசமுள்ள வேலைக்காரன் சவரி' என்று போட்டிருக்கிறார்கள். கல்லறைத் திருநாளுக்குள் அதைப் பிடுங்கிவிடுவேன். புதுச் சிலுவைக்குத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. அதில் 'ஆரோக்கியம் மகன் சவரிமுத்து' என்று மட்டும் இருக்கும். அன்றைக்கு மீன் குழம்பு வைத்துவிட்டு வாசக்கதவைத் திறந்து போட்டிருப்பேன். உன்னைக் கூப்பிட மாட்டேன், இது சத்தியம். உனக்கே தோன்றினால் வா. தோன்றாவிட்டால் வராதே.

உன்னைத் தெருவிலேயே நிற்க வைத்த தங்கச்சி,
செலின்