கொட்டகையில் நிற்கும் கார்கள்

மே 19, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். காற்று துளி இல்லை. காய்ச்சுவதற்குள் பால் திரிந்துவிட்டது. தைக்க வேண்டியது: டீச்சர் வீட்டு ரவிக்கை மூன்று, ஸ்டெல்லாவின் பட்டு ரவிக்கை (லைனிங் இன்னும் வாங்கவில்லை), தலையணை உறை. மாமாவுக்கு பி.பி. மாத்திரை தீர்ந்தது.

இவர் கடைக்குப் போகுமுன் வாளியும் துணியுமாகக் கொட்டகைக்குப் போனார். கார்களைத் துடைக்க. கம்பெனிக்காரர்கள் போன பிறகும் ஒரு நாள் தவறியதில்லை. சொந்த ஸ்கூட்டரைத் துடைத்து எத்தனை மாதம் ஆயிற்றோ.

பத்துக் கார். எல்லாம் வெள்ளை, பக்கத்தில் பச்சைக் கோடு. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக முதல் வரிசை தெரியும். தினம் பார்ப்பதுதான். இன்று ஏனோ ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைத்தேன்.

மதியம் ஒரு வாசனை. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து வைத்தது போல, கொஞ்சம் தித்திப்பாக. இந்த வீட்டில் நகப்பூச்சு யாரும் வைப்பதில்லை.

மே 20, புதன்

நேற்று மாதிரியே வெயில். லைனிங் வாங்கினேன், நிறம் ஒத்துவரவில்லை. மறுபடி பஜாருக்குப் போகணும்.

டிவியில் கொட்டகைக் கார்களைச் செய்த கம்பெனியின் புதுப் பெரிய கார் விளம்பரம். மாமா கட்டிலில் இருந்தபடி கையைத் தூக்கி ஏதோ சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறல். "நம்ம காரு" என்றுதான் சொல்லியிருப்பார். இவர் எழுந்து சத்தத்தைக் குறைத்தார்.

கொட்டகை முன்பு பைப், மோட்டார் சாமான் போட்டுவைக்கும் இடம். வாடகைக் கார் கம்பெனி வந்து கேட்டதும் கடைச் சரக்கையெல்லாம் அள்ளி வேறு இடத்தில் போட்டுவிட்டு இடத்தைக் கொடுத்தார். திறந்த அன்று பந்தல், மைக். போனில் கூப்பிட்டால் வாசலுக்கே வரும் மின்சாரக் கார், ஓட்டுவது எல்லாம் பெண்கள். தேனிக்குள்ளே, போடி, சின்னமனூர், கம்பம் வரைக்கும். பெரிய நகரத்தில் மட்டும் நடப்பது நம் ஊருக்கும் வந்துவிட்டது என்று இவர் மேடையில் பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. ஜனவரியில் ஒரு மெயில், சேவையை நிறுத்துகிறோம் என்று. அடுத்த வாரம் நாற்காலி, ஏ.சி. எல்லாம் லாரியில் ஏறியது. கார்களுக்கு வேறு லாரி வரும் என்றார்கள். வரவில்லை.

கடைசி நாள் மேனேஜர் பிரகாஷ் சார் இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது என் காதிலும் விழுந்தது. வண்டிகள் உயிரோடு இருக்கணும் அண்ணாச்சி, சார்ஜ் இறங்கவிடாதீங்க, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் என்று. அந்த ஒரு வார்த்தைக்காக ஞாயிறுதோறும் கோயில் முடிந்து வந்து எல்லாவற்றுக்கும் சார்ஜ் போடுகிறார். பிரகாஷ் சார் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. கார் மேல் ஒட்டியிருக்கும் நம்பர் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை.

வாசனை இன்றும். இவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். எங்கேயோ பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றார். எங்கே என்றேன். கடைக்குப் போய்விட்டார்.

மே 22, வெள்ளி

மேற்கே மலைமேல் மேகம் இறங்கி நிற்கிறது. மழையாக வராமல் வெறும் இறுக்கம்.

மாரிச்செல்வி வந்தாள். காமயகவுண்டன்பட்டிப் பெண், இங்கே கார் ஓட்டியவர்களில் சுறுசுறுப்பானவள். வேலை போன பிறகு திராட்சைத் தோட்டத்தில் பழம் அடுக்கப் போகிறாள். கம்பத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் கேட்கிறார்களாம். இங்கே ஓட்டியதற்கு யாராவது கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். யார் போடுவது? இவர் வந்ததும் கேட்கிறேன் என்று மோர் கொடுத்தேன்.

கொட்டகைக்குள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். மூலையில் நிற்பது அவள் ஓட்டிய கார். பக்கத்தில் போனவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு மட்டும்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வாசனை.

டிசம்பரில் வீரபாண்டி தாண்டி வரும்போது ரோட்டில் கிடந்த கல் அடியில் மோதியிருக்கிறது. அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"ஆபீஸ்ல அன்னைக்கே சொன்னேன்க்கா. வண்டி ஓடுதுல்ல, ஓட்டுன்னாக. அதுக்கப்புறம் சார்ஜ் போட்டு எடுத்தா கால் வைக்கிற இடம் சுடும். செருப்பக் கழட்டாமத்தான் ஓட்டுனேன்."

அதற்குப் பிறகு கம்பெனி மூடிவிட்டது. யாரும் அடியில் குனிந்து பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். வேலை போன கோபத்தில் அந்தப் பெண் சொல்கிறாள் என்றார். நான் விடவில்லை. அதை மட்டுமாவது சார்ஜ் போடாதீர்கள் என்றேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஒரு வண்டிய மட்டும் எப்படிச் சாக விடுறது? நாளைக்கு அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

வருவார் என்று இன்னும் நம்புகிறார். அது எனக்கு வாசனையைவிடப் பயமாக இருக்கிறது.

மே 24, ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. பட்டு ரவிக்கையை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன், கை இறுக்கம் என்கிறாள்.

வந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வயர்களை மாட்ட ஆரம்பித்தார். மூலைக் காருக்கும். நான் சோற்றை வடித்துவிட்டுப் பின்னால் போனேன். குனிந்து பார்த்தேன். அடித்தகடு ஓரிடத்தில் வயிறு போல இறங்கியிருக்கிறது. கீழே சிமென்ட் தரையில் கை வைத்தேன். கொட்டகை நிழலில் தரை சில்லென்றுதான் இருக்க வேண்டும். வெதுவெதுப்பு. உள்ளே எங்கோ டிக், டிக் என்று. அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் ஆறும்போது கேட்குமே, அப்படி.

வயரைப் பிடுங்கிவிட்டேன். இவர் பார்த்துவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் சத்தம் போட்டது இன்றுதான். நானும் போட்டேன். ஜன்னல் வழியாக மாமாவுக்குக் கேட்டிருக்கும், அவர் கட்டிலில் இருந்து குழறிக் குழறிக் கூப்பிட்டார். இவர் என் கையில் இருந்து வயரை வாங்கி மறுபடி மாட்டினார். நான் உள்ளே வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

கொஞ்சம் கழித்து எட்டிப் பார்த்தால் மூலைக் காரின் வயர் சுருட்டிவைக்கப்பட்டிருந்தது. தானாகவே கழற்றியிருக்கிறார். மற்றவற்றில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்குக் கோயம்புத்தூர் போய் ஆபீஸிலேயே பார்த்துவிட்டு வருகிறேன், நீ அந்தப் பக்கம் போகாதே என்றார். சரி என்றேன்.

மாமாவின் கட்டில் கொட்டகைச் சுவரை ஒட்டி. எப்படி இதுவரை இது தோன்றவில்லை?

மே 25, திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இவர் முதல் பஸ்ஸில் போனார். காலையில் சாரல். மாரிச்செல்வி கையெழுத்து விஷயமாக மறுபடி வந்தாள். இவர் ஊரில் இல்லை என்றதும் மாமா கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்த அவளைத் துணைக்குக் கூப்பிட்டேன். நகர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம். குக்கரில் ஆவி கசிவது போல. அடுப்பில் குக்கர் இல்லை.

போய்ப் பார்த்தோம். மூலைக் காரின் அடியில் நூல் மாதிரி வெள்ளைப் புகை.

தீயணைப்புக்குப் போன் செய்தேன். உடனே வருகிறோம், அதற்குள் எல்லாரும் வெளியே போய்விடுங்கள் என்றார்கள். வண்டி இன்னொரு இடத்தில் வேலையாக இருக்கிறதாம், அங்கிருந்து வர வேண்டும். மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேரும் தூக்கி, எதிர் வீட்டில் விட்டோம். அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாக எடுத்துவிட்டு வந்தேன்.

பக்கத்துக் காலிமனையில் வாழைத்தார் ஏற்றிவந்த கோபால் அண்ணனின் டிராக்டர். சங்கிலி கட்டி அந்த ஒரு காரை மட்டும் வெளியே இழுத்துவிட்டால் மற்ற ஒன்பதும் வீடும் தப்பும். அண்ணன் தயங்கினார்.

"வேத்தாளு வண்டியில கை வச்சா கேஸாகிப்போகும் ஆத்தா. சாமுவேல் அண்ணாச்சி வரட்டும்."

"அவுக வர வரைக்கும் இது தாங்காது. நான் சொல்றேன், இழுங்கண்ணே."

இவரைக் கேட்காமல் நானாக ஒன்றைச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

சக்கரம் உருளவில்லை. கம்பெனி பூட்டிவிட்டுப் போன வண்டி. மாரிச்செல்விதான் சங்கிலியை மாட்டினாள், முன்னால் எங்கே கொக்கி என்று அவளுக்குத் தெரியும். டிராக்டர் உறுமியது, கார் தரையைக் கீறிக்கொண்டே வந்தது. டயர் தீய்ந்த நாற்றம். காலிமனை நடுவுக்கு வந்ததும் சங்கிலியைக் கழற்றிவிட்டு அண்ணன் டிராக்டரை நகர்த்தினார். எல்லாரும் ஓடினோம்.

பட்டாசு மாதிரி வரிசையாக வெடி. தீ மேலே போகவில்லை, அடியில் இருந்து பக்கவாட்டில் சீறியது. வெள்ளைப் பெயிண்ட் கண்ணெதிரே கருத்துச் சுருண்டது. மாரிச்செல்வி அழவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. அணைந்தது. மறுபடி பிடித்தது. மறுபடி. சாயங்காலம் வரை அப்படியே. மற்ற கார்களில் புகை இல்லை என்று பார்த்துவிட்டு, கொட்டகைக்குப் போகும் கரண்டை நிறுத்தினார்கள். கிட்டே போகாதீர்கள், கம்பெனிக்காரர்களை வரச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. எந்தக் கம்பெனிக்காரர்களை?

நடுவில் இவரே போன் செய்தார். நான் வாயைத் திறக்குமுன் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த அட்ரஸில் இப்போது பல் ஆஸ்பத்திரி இருக்கிறதாம். கம்பெனி மார்ச்சிலேயே காலி செய்துவிட்டதாம். எங்கே போனார்கள் என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லையாம். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன்.

மே 26, செவ்வாய்

தேவதானப்பட்டி. அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாரல் விடவில்லை. அங்கே எங்கள் தெருவில் கயிறு கட்டி எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். தையல் மிஷின், டீச்சர் வீட்டு ரவிக்கைகள், பைபிள், எல்லாம் உள்ளே. மாமா மாத்திரை மட்டும் எடுத்தேன்.

காலையில் இவர் வந்தார். நேராகக் காலிமனைக்கு. எரிந்த காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கொட்டகையில் இருந்து அதுவரை தரையில் விழுந்த கீறலைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். யார் இழுக்கச் சொன்னது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. உள்ளே வந்து, ராத்திரியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்திருந்த மாமாவின் காலடியில் உட்கார்ந்தார். காபி ஆறிப்போனது.

அப்போது இவர் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண், சின்ன வயதுக் குரல். கார் கம்பெனியில் இருந்து பேசுகிறேன் என்றாள். நான்கு மாதத்தில் முதல் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

உங்கள் இடத்தில் இருக்கும் கார்களில் ஒன்று நேற்று மதியத்தில் இருந்து சிக்னல் கொடுக்கவில்லை, வண்டி அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டாள். எரிந்துவிட்டது என்றார் இவர். அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம். பிறகு அது நின்றது.

"சார், அந்த வண்டில பேட்டரி சூடாகுதுன்னு ஏப்ரல்ல இருந்தே அலர்ட் வந்துட்டுத்தான் இருந்திருக்கு."

"யாருக்கு வந்துச்சு?"

"சிஸ்டத்துக்கு சார். அதைப் பார்க்கிற டீம் இப்ப இல்ல. நான் வேற டிபார்ட்மென்ட், வண்டி லிஸ்ட் சரிபார்க்கச் சொன்னாங்க, அதான் கூப்பிட்டேன்."

இவர் வார்த்தை தவறாமல் சார்ஜ் போட்டு உயிரோடு வைத்ததால்தான் அந்தக் கார் அவர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. தன் சூட்டை ஒவ்வொரு நாளும். கேட்க ஆள் இல்லாத ஏதோ ஓர் அறைக்கு.

இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் தாழ்ந்துவிட்டது.

"மத்த ஒம்பது வண்டியும் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லும்மா."

ஒரு நிமிஷம் சார் என்றாள். காத்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஏதும் இல்லை. தகரத்தில் சாரல் விழுவது மட்டும்.

"சார், வீட்டுல இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?"

ஏன் என்று இவர் கேட்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டார், அவள் உள்ளே இருந்து சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாமாவை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் மாத்திரை டப்பாவோடு பின்னால் ஓடினேன். வாசலில் பழக்கத்தில் சாவியைத் தேடினேன்.

"பூட்டாத ராணி," என்றார். "தீயணைப்புக்காரவுக உள்ள வர வேண்டியிருக்கும்."